ஒரு ‘ன்’ குறைகிறது

காலை பத்தரை மணிக்கு நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இது எனக்குப் புதிதில்லை. ஆனால் வந்து உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகாத ஒருவரிடம் மாட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

அந்த அம்மாளின் விலாசத்தைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். முனை காய்ந்து போயிருந்தது. முந்தின நாள் மூடி போடாமல் வைத்துவிட்டிருக்கிறேன். ஊரில் எல்லாரும் செய்வதுபோல் நானும் அந்தப் பழைய படத்து ஆள் மாதிரி தொண்டையைக் கரகரப்பாக்கி, தலையைத் தொங்கப்போட்டு, “நான்தான் மூடலை” என்றேன்.

வழக்கமாக இதற்குச் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

“அதைச் சொன்னது எங்கப்பா,” என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அக்காவும் நானும் சேர்ந்து நடத்துவது துப்பறியும் அலுவலகம். அக்கா இருபத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவர். நான் இன்ஷூரன்ஸ் பாலிசி பிடித்துக்கொண்டிருந்தவன். ஊர் எங்களைக் ‘காது’, ‘வாய்’ என்றுதான் கூப்பிடும். எது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வந்திருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ‘கண்ணும் வந்தாச்சு, இனி மூக்குதான் பாக்கி’ என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. பட்டது போதும் என்று அடக்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஐம்பது வருடத்துக்கு முன்னால், தனியாக விமானம் ஓட்டிக் கடலைத் தாண்டிய முதல் பெண்ணை இங்கே எல்லாரும் ‘இறக்கைக்காரி’ என்பார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் உண்டு. அப்போதிருந்த ராணுவ அரசாங்கத்துக்காக, ‘பணியாவிட்டால் வீடு மிஞ்சாது’ என்ற மிரட்டல் காகிதங்களைக் கிராமங்களின் தலையில் கொட்டியதும் அதே அம்மாள்தான். அது புத்தகத்தில் கிடையாது. கடைசியில் திருவிழா போல ஜனம் கூடியிருந்த ஒரு மைதானத்தில் வேடிக்கை காட்டப்போய், விமானம் விழுந்தது. அவரும் போனார், கீழே நின்ற மூன்று பேரும் போனார்கள்.

அவரைப் பற்றி இதுவரை மூன்று ஆவணப்படங்கள் வந்துவிட்டன. முதல் படத்தில் அவர் தெய்வம். பதினைந்து வருடம் கழித்து வந்ததில் பேய். மூன்றாவதில் காதலில் தோற்ற பாவப்பட்ட பெண். யாரைக் காதலித்தார் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. நாலாவது படம் அன்று மாலை ஐந்து மணிக்கு டி.வி.யில்.

“நாலு படத்துல அந்தம்மாவுக்கு நாலு முகம்,” என்றார் கடைக்காரம்மா. “எங்கப்பாவுக்கு மட்டும் ஒரே முகம். பெட்ரோல் டேங்க் மூடியை மூடாத மெக்கானிக். விபத்து நடந்த மூணாம் நாள் படக்காரங்க வந்து பேசினாங்க. ‘நான்தான் மூடலை’. அந்த ஒரு வரிதான் படத்துல இருக்கு. வேலை போச்சு. தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ணி என்னை வளர்த்தார்.”

“வீட்ல இதைப் பத்திப் பேசுவாரா?” என்று அக்கா கேட்டார்.

“ஒரு வார்த்தை பேசினதில்லை. மேல விமானச் சத்தம் கேட்டா மட்டும் கையில இருக்கிறதைப் போட்டுட்டு வெளியில வந்து நிப்பார். அது மறையற வரைக்கும் அண்ணாந்து பாப்பார். மனசு உறுத்துதுன்னு நெனச்சுக்குவேன். அவர் போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு.”

“அம்மா?”

“இருக்காங்க. எழுபத்திரண்டு வயசு. நல்லாத்தான் இருக்காங்க. எந்த வண்டியா இருந்தாலும் ஒரு சுத்து சுத்தி, தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஏறுவாங்க. டவுன் பஸ்ஸைக்கூட. கண்டக்டர் கத்துவார்.”

“நல்லவேளை, ரயில்ல போறதில்லை,” என்றேன். கடைக்காரம்மா லேசாகச் சிரித்தார். நான் மன்னிக்கப்பட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

“ஆனா இந்தப் படம் எப்போ போட்டாலும் முன்னாடி உட்கார்ந்துடுவாங்க. அப்பா குரல் வந்ததும் வாய்க்குள்ள என்னமோ முணுமுணுப்பாங்க. திட்டறாங்கன்னு நெனைக்கிறேன். ஒரு வாரமா விளம்பரத்துல அந்த வரியையே திரும்பத் திரும்பப் போடறாங்க. இன்னிக்கு சாயங்காலம் அவங்க அதைக் கேக்கக் கூடாது. எப்படியாவது எடுக்க வெச்சிடுங்க.”

“உங்கப்பா மூடலைன்னு நீங்க நம்பறீங்களா?” என்றார் அக்கா.

கடைக்காரம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார். “நம்பாம இருக்கறதுக்கு ஒரு காரணம் கெடைக்குமான்னுதான் இங்க வந்தேன்,” என்றார்.

கம்ப்யூட்டரில் முதல் படத்தை ஓட்டினோம். விமானக் கொட்டகை, ஆறு பயிற்சிப் பெண்கள் தோல் தொப்பியோடு ஒரு சின்ன விமானத்தைச் சுற்றி வருவது, இறக்கைக்காரி பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது. பிறகு எண்ணெய்ச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். “நான்தான் மூடலை.” உடனே சோக வயலின்.

அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்த மூன்று விநாடியை எட்டுத் தடவை ஓட்டினார். இரண்டாவது படத்தையும் போட்டுப் பார்த்தார். அதில் அந்த வரி முடியும் இடத்தில் ஒரு இன்ஜின் உறுமல் வந்து விழுந்தது. மூன்றாவதில் அப்பாவாக ஒரு நடிகர், மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். நாலாவது படத்தின் விளம்பரத்தில் பழைய குரலையே இரைச்சல் நீக்கி, துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

“வாக்கியம் முடியலை,” என்றார் அக்கா.

“முடிஞ்சுதானே வயலின் வருது?”

“முடிஞ்ச பேச்சு கீழ இறங்கும். இவர் குரல் மேலயே நிக்குது.”

“விமான மெக்கானிக் ஆச்சே, இறங்க மனசு வரலை.”

“வாயை மூடிட்டுக் காதைத் தெற. கடைசி எழுத்து என்ன?”

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். மூடலை. மறுபடி ஓட்டச் சொன்னேன். மூடலை. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மூடலைன்.

“ஒரு ‘ன்’ இருக்கு,” என்றேன். “கொசு மாதிரி. வயலின் அதும்மேல ஏறி உட்கார்ந்திருக்கு.”

“இருபத்திரண்டு வருஷம் பாதியில அறுந்த லைனைக் கேட்ட காது இது. ‘வரலை’ன்னு முடிக்கிறவங்களுக்கும் ‘வரலைன்னு’ ஆரம்பிக்கிறவங்களுக்கும் அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம்.”

‘மூடலை’ என்றால் ஒப்புக்கொண்டாகிவிட்டது. ‘மூடலைன்னு’ என்றால் அதற்குப் பின்னால் வால் மாதிரி வேறொன்று தொங்கியிருக்கிறது. மூடலைன்னு சொல்றாங்க. மூடலைன்னு யார் சொன்னது? மூடலைன்னு சொல்லச் சொல்லி மிரட்டறாங்க. நம் பேச்சில் ஒருவனுடைய தலையெழுத்தே வாலில்தான் இருக்கிறது. வாலை நறுக்கினால் ஆளே மாறிவிடுவான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படக்காரரும் முந்தின படத்திலிருந்து எடுத்துக்கொண்டதில், மிச்சமிருந்த அந்த ஒற்றை எழுத்தும் தேய்ந்து, கடைசியில் இரைச்சலோடு இரைச்சலாகத் துடைக்கப்பட்டிருக்கிறது.

கடைக்காரம்மா எழுந்தே நின்றுவிட்டார். “அப்போ அப்பா…”

“இன்னும் தெரியாது,” என்றார் அக்கா. “வாலைக் கண்டுபிடிக்கணும்.”

முதல் படத்தின் முடிவில் ஓடிய பெயர்களில் ஒலிப்பதிவாளர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். எக்ஸ்சேஞ்சில் பழகியவர்களுக்கு ஊரில் யார் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்பது மூன்று போனில் கிடைத்துவிடும்.

ஒரு சலவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. பன்னிரண்டே முக்காலுக்கு மூன்று பேரும் போய் அழைப்பு மணியை அழுத்தினோம். அழுத்திக்கொண்டே இருந்தோம். கடைசியில் கதவுக்கு அடியில் நான் ஒரு காகிதத்தைத் தள்ளியதும்தான் கதவு திறந்தது. எழுபத்தெட்டு வயதுக்காரர், நல்ல உயரம்.

“எனக்குக் காது கேட்டு இருபது வருஷம் ஆச்சு!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். “எதா இருந்தாலும் எழுது! கோழி கிண்டின மாதிரி எழுதாதே!”

ஒலிப்பதிவாளருக்குக் காது போய்விட்டது. என் பிழைப்பே வாய். இங்கே எழுதித்தான் பேச வேண்டும். அந்த அறையில் அக்காவைத் தவிர எங்கள் இருவருக்குமே தொழிற்கருவி இல்லை.

அக்கா சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். ‘மூடலைன் — மீதி எங்கே?’

அவர் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். எப்படித் தணிப்பது என்று மறக்கவில்லை போலிருக்கிறது.

“இதைக் கேக்கறதுக்கு ஒருத்தர் வர அம்பது வருஷம் ஆயிருக்கு. இந்தம்மா யாரு?”

‘மெக்கானிக்கின் மகள்’ என்று எழுதினேன். அவர் கடைக்காரம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே ஒரு டேப் சுருள் இருந்தது. பழைய இயந்திரத்தில் அதை மாட்டும்போது கை கொஞ்சமும் தடுமாறவில்லை. ஓட விட்டு, ஒலி அளவு காட்டும் ஊசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு இனி அந்தக் குரல் ஊசியின் ஆட்டம்தான்.

கரகரவென்றது. அப்புறம் மெக்கானிக் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

“மூடியை நான்தான் மூடலைன்னு போட்டுக்குங்க. மூடினேன், அது வேற விஷயம். பெட்ரோல் ரெண்டு சுத்துக்குத்தான் ஊத்தியிருந்தேன். ஜனங்க கை தட்டினதும் அந்தம்மா மூணாவது சுத்து போயிட்டாங்க. அது வெளிய வந்தா, பொம்பளைங்ககிட்ட விமானத்தைக் குடுத்தா இப்படித்தான்னு சொல்லி வகுப்பையே மூடிடுவாங்க. ஆறு பொண்ணுங்க கத்துக்கிட்டிருக்கு. நல்லா ஓட்டுதுங்க சார். என் பேரைப் போட்டுக்குங்க. நான் எப்பவும் கீழ நிக்கிறவன்தானே.”

டேப் தீர்ந்து, அதன் நுனி சுழன்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

கடைக்காரம்மா அப்பாவைப் பொய்யிலிருந்து மீட்க வந்தவர். அந்தப் பொய்யே அப்பாவுடையது. அவர் என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கித் தானே எழுதினார். ‘யார் வெட்டியது?’

“நான்தான்மா. சதியெல்லாம் ஒண்ணும் இல்லை. அவர் போட்டுக்கச் சொன்னார், போட்டுக்கிட்டோம். ‘லை’யோட நறுக்கியிருக்கணும். கை நடுங்கிடுச்சு. ஒரு ‘ன்’ தங்கிடுச்சு.”

நான் ஒரே ஒரு சொல் எழுதினேன். ‘வகுப்பு?’

“அடுத்த மாசமே மூடிட்டாங்க,” என்றார் பெரியவர். “எது காரணம்னாலும் மூடியிருப்பாங்க.”

டேப்பை மறுபடி ஓட்டி, கடைக்காரம்மாவின் போனில் பதிந்துகொண்டோம். குற்றவாளியைத் தேடிப் போன இடத்தில் இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு படியிறங்கியது எங்கள் தொழிலில் இதுதான் முதல் தடவை.

மணி மூன்று. நாலாவது படத்தின் இயக்குநர் ஏழாவது முயற்சியில் போனை எடுத்தார். அக்கா விஷயத்தைச் சொல்லி, பதிவைப் போட்டுக் காட்டினார். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“பிரமாதம்!” என்றார் இயக்குநர். “இன்னிக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க, படம் டி.வி.காரங்க கைக்குப் போயாச்சு. ஆனா இதை விடக் கூடாது. அம்பது வருஷமா ஊரை ஏமாத்தியிருக்கார்! அடுத்த பாகத்துக்குத் தலைப்பே இதுதான். ‘பொய் சொன்ன மெக்கானிக்’. அந்தம்மாவும் கைதட்டலுக்காக மூணு பேரைக் கொன்னாங்கன்னு வருது. மகள் பக்கத்துல இருக்காங்களா? கேமரா முன்னாடி கொஞ்சம் அழுவாங்களா?”

கடைக்காரம்மா கையை நீட்டிப் போனை அணைத்தார். மூடாதவர் என்ற பெயரை எடுக்கப் போனால், பொய்யர் என்ற பெயர் தயாராகக் காத்திருந்தது. ஒருவருக்கு ஒரு முகத்துக்கு மேல் கொடுக்க இவர்களிடம் நேரம் இல்லை.

“கிளம்பலாம்,” என்றார். “அம்மா தனியா இருக்காங்க.”

அக்கா எழவில்லை. முதல் படத்தை மறுபடி கம்ப்யூட்டரில் போட்டிருந்தார். ஆறு பெண்கள் விமானத்தைச் சுற்றி வரும் இடம்.

“உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தாங்க?”

“டைப்பிங் கிளாஸ் போனதா சொல்வாங்க.”

“மூணாவதா போற பொண்ணைப் பாருங்க. முகம் வேண்டாம், தொப்பி மறைக்குது. கையைப் பாருங்க.”

பெண்கள் ஏறுவதற்கு முன் விமானத்தைச் சோதித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். மூன்றாவது பெண் ஒவ்வோர் இடத்தையும் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள்.

கண்ணாடிக் கடைக்காரம்மா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இதை நான் தினமும் பாக்கிறேன்,” என்றார். “பஸ் ஸ்டாண்டுல.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. இரண்டு அறை வீடு. அலமாரி மேல் தண்ணி மோட்டாரின் ஒரு பித்தளைச் சக்கரம் பளபளவென்று இருந்தது. அம்மா டி.வி.க்கு நேரே நாற்காலியில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க, உட்காருங்க. இப்போதான் ஆரம்பிச்சுது,” என்றார் எங்களைப் பார்த்து. யார் என்று கேட்கவில்லை.

மகள் டி.வி.யை அணைக்கக் கையை நீட்டினார். அதற்குள் அந்த எண்ணெய்ச் சட்டைக்காரர் திரையில் வந்துவிட்டார்.

“நான்தான் மூடலை.”

அம்மாவின் உதடு அசைந்தது. இந்தத் தடவை மகள் பக்கத்தில் இருந்தார், எதைக் கேட்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது.

“…ன்னு போட்டுக்குங்க,” என்றார் அம்மா.

மகள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்குத் தெரியுமா? அந்த ஆறு பேர்ல நீங்களும் ஒருத்தராம்மா? வகுப்பைத்தான் மூடிட்டாங்களே! அப்புறமாவது அப்பா உண்மையைச் சொல்லியிருக்கலாமே!”

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவர் அப்படிச் சொன்னப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். வகுப்பை மூடினது அவருக்குத் தெரியாது.”

மகள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“வேலையை விட்டுத் தூக்கினப்புறம் அவர் அந்தப் பக்கமே போகலை. நான் தினமும் காலையில அவர்கிட்ட வகுப்புக்குன்னு சொல்லிட்டுப் போவேன். டைப்பிங் கிளாஸ்ல போய் உட்காருவேன். கல்யாணம் ஆனதும், எனக்குப் பயமா இருக்கு, விட்டுட்டேன்னு சொன்னேன். மத்த அஞ்சு பேரும் ஓட்டறாங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? அவர் பேரையே குடுத்துட்டு நிக்கிறார்.”

“அப்போ, சத்தம் கேட்டா வெளியில வந்து…”

“எதுக்குன்னு நெனச்சே? நம்ம பொண்ணுங்கள்ல யாராவதா இருக்கும்னுதான். உள்ள வந்ததும் எங்கிட்ட மட்டும் மெதுவா கேப்பார், இன்னிக்கு யாரா இருக்கும்னு. நான் ஏதாவது ஒரு பேரைச் சொல்வேன். அவருக்கு அன்னிக்குப் பூரா சந்தோஷமா இருக்கும்.”

மகளின் கைப்பைக்குள் அந்தப் பதிவு இருந்தது. எடுத்து நீட்டினால் அப்பா மூடினார் என்று உலகத்துக்குத் தெரிந்துவிடும். அவர் எதற்காகச் சொன்னார் என்பதும், அது எதற்கும் உதவவில்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும். நான் அக்காவைப் பார்த்தேன். எதையும் அவிழ்த்துவிடுகிற அக்கா, கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அப்பா குரல் முழுசா எங்கிட்ட இருக்கும்மா,” என்றார் மகள். “டி.வி.காரங்க கேக்கறாங்க.”

“எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டு. அவங்களுக்கு வேண்டாம்.” அம்மா முதன்முறையாகத் திரும்பி மகளின் தலையைத் தொட்டார். “மூடாதவர்னு சொல்றாங்க, சொல்லட்டும். ஏமாந்தவர்னு யாரும் சொல்லிடக் கூடாது.”

நான் எழுந்து டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

திரையில் இறக்கைக்காரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு விமானத்தில் ஏறினார். இடைவேளை வந்தது. படத்தின் விளம்பரத்தையே மறுபடி போட்டார்கள். எண்ணெய்ச் சட்டைக்காரர் தலையைத் தூக்கினார்.

“நான்தான் மூடலை.”

“ன்னு போட்டுக்குங்க,” என்றார் அம்மா. கூடவே மகளும் சொன்னார்.